கொட்டாத வீட்டுக்காரர்

கல்லாற்றில் மழை பிடித்துக்கொண்டால் துணி காய்வது இல்லை. நான் பொரோட்டா போடுகிற சாயாக்கடையின் பின்பக்கச் சாய்ப்பில், அடுப்புச் சூடு படுகிற சுவரோரமாக ஒரு கயிறு கட்டியிருக்கிறேன். அதில் ஒரு நீல அங்கி தொங்குகிறது. அங்கி என்றால் சட்டை மாதிரி இல்லை. இரண்டு ஆள் ஒன்றாக உள்ளே நுழையலாம்; கை வைத்துத் தைத்த போர்வை என்று சொன்னால்தான் சரியாக இருக்கும். கழுத்தைச் சுற்றி வெள்ளை நூலில் பின்னல் வேலை. சாயம் இன்னும் முழுதாகப் போகவில்லை. வேர்வை பட்டால் என் கழுத்தும் மணிக்கட்டும் நீலமாகிவிடும், கடைக்கு வருகிறவர்கள் ஏதாவது தோல் வியாதியா என்று பார்ப்பார்கள். இதைத் தூக்கி எறிய நான் நினைத்த இடங்கள் நிறைய. திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டின் குப்பைத்தொட்டி, நாகர்கோவில் போகிற ரயிலின் ஜன்னல், இதோ வாசலில் ஓடுகிற இந்த ஆறு. எறியவில்லை. பாசம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பொன்முடி மலையிலிருந்து இறங்குகிற காற்றுக்கு இதைவிட நல்ல போர்வை என்னிடம் இல்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு முறை போர்த்தும்போதும் எனக்குக் குமட்டுகிறது. யார் மேல் என்று கேட்டால் ஒரு ஆளை மட்டும் கை காட்ட முடியவில்லை. அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

அங்கியைத் தந்தவரை நாங்கள் எல்லோரும் ஸ்டாப்பர் என்று கூப்பிட்டோம். மலப்புறம் பக்கம் ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் பந்தாட்டத்தில் அவர் கோல் போஸ்டுக்கு முன்னால் நிற்கிற ஆள். ஆப்பிரிக்காவில் மாலி என்ற நாட்டிலிருந்து, ஆடுவதற்காகக் கூட்டி வரப்பட்டவர். சீசன் நடுவில் முழங்கால் போய்விட்டது. ஆட முடியாத ஆளுக்குச் சோறு போட டீம் மேனேஜருக்கு மனமில்லை, விட்டுவிடவும் மனமில்லை. ஸ்டாப்பரின் பாஸ்போர்ட் மேனேஜரின் தோல் பையில் இருந்தது. அப்போது திருவனந்தபுரத்தில் கிறிஸ்துமஸ் பொருட்காட்சிக்குப் பந்தல் வேலை நடந்துகொண்டிருந்தது. ‘ஆதிகால ஆப்பிரிக்கா’ என்று ஒரு அரங்கு போட ஒரு காண்ட்ராக்டர் ஆள் தேடுவதைக் கேள்விப்பட்டு, மேனேஜர் இவரைக் கொண்டுவந்து விட்டார். பேச்சு எளிமையானது. பொருட்காட்சி முடிகிறவரை அரங்கில் நின்றால் பாஸ்போர்ட் கைக்கு வரும், ஊருக்குப் போகலாம். நிற்காவிட்டால் வராது. விசா முடிய அதிக நாள் இல்லை. முடிந்தால் போலீஸ். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பந்தலில் கயிறு கட்டுகிறவன்வரை தெரியும்.

நான் அந்தப் பந்தலில் செட் வேலை பார்த்தேன். மூங்கில், சாக்கு, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். அதற்கு முன்னால் ஓட்டலில் பாத்திரம் கழுவினேன், கட்டடத்துக்குக் கல் சுமந்தேன், பொன்முடி எஸ்டேட் லைனில் ஒரு மழைக்காலம் அட்டைக்கடியோடு கிடந்தேன். ஒரு இடத்தில் ஆறு மாதம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். எங்களுக்குக் கரமனை ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை கொடுத்திருந்தார்கள். ஸ்டாப்பரும் அங்கேதான் தங்கினார். ஆறடிக்கு மேல் உயரம். சாதாரணக் கொசுவலை அவருக்கு முழங்கால்வரைதான் வரும். மலப்புறத்தில் பிடித்த மலையாளம் பேசுவார். தெற்கத்தி மலையாளிகளே அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அதில் நான் பாதி புரிந்துகொள்வேன், மீதியை அவர் கை பேசும்.

செட் போடத் தொடங்கியபோது அவர் போனில் அவருடைய ஊர்ப் பள்ளிவாசலைக் காட்டினார். முழுக்க மண். கரையான் புற்று வளர்ந்து கோட்டையானதுபோல இருந்தது. சுவரெங்கும் பனங்கட்டைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மழைக்குப் பிறகு வருஷா வருஷம் ஊரே கூடி மண் பூசுமாம். பூசுகிறவர்கள் ஏறி நிற்கத்தான் அந்தக் கட்டைகள். சுவரோடு சேர்ந்தே பிறந்த சாரம். எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. சாரம் கட்டி, வேலை முடிந்ததும் பிரித்து, கட்டியவன் நின்ற தடமே இல்லாமல் ஆக்கிவிட்டுப் போகிறவன் நான். இந்த ஊர்க்காரர்கள் அவன் நிற்கிற இடத்தைச் சுவரிலேயே வைத்திருக்கிறார்கள். அதே மாதிரி செய்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த வேலைகளில் உருப்படியானது அந்தச் சுவர்தான். காண்ட்ராக்டர் வந்தார். கரமனைக்காரர், வீட்டில் தமிழ், வெளியே மலையாளம், வாயில் இரண்டும் ஒன்றாக வரும்.

“என்னடே இது? சாரத்தப் பிரிக்காம அப்படியே போட்டிருக்கியளே. நாலு நாள்ல ஆளு வருமல்லோ!”

“சாரம் இல்ல முதலாளி. அவங்க ஊருல சுவரே இப்படித்தான்.”

“அவன் ஊருல வேல முடிக்காமப் போயிருப்பாம்டே. நம்ம முடிச்சுக் குடுக்கணும்.”

நான் சாயா குடித்துவிட்டு வருவதற்குள் கட்டைகளை வாளால் அறுத்துவிட்டார்கள். அறுத்த இடத்தில் ஓட்டை தெரிந்ததால் ஒவ்வொரு ஓட்டையிலும் பிளாஸ்டிக் மண்டையோடு ஒன்றைச் செருகினார்கள். முன்னால் ஒரு பெரிய அண்டா, அதற்கடியில் சிவப்புப் பல்பு. ஆள் வேகிற அண்டாவாம். ஸ்டாப்பர் நொண்டிக்கொண்டே வந்து பார்த்தார். பச்சை பிளாஸ்டிக் நாரில் செய்த பாவாடையை அவர் கையில் கொடுத்தார்கள். அதை மடித்து அண்டாவுக்குள் போட்டுவிட்டு, தன் பையிலிருந்து இந்த நீல அங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டார். அங்கி கம்பீரமாக இருந்ததால் காண்ட்ராக்டர் சமாதானமாகிவிட்டார். சரி, ராஜாவாக நிற்கட்டும், ஆனால் மேளம் அடிக்க வேண்டும் என்றார். மியூசிக் கடையிலிருந்து ஒரு ஜெம்பே வாங்கி வந்திருந்தார்கள். வாய் அகன்று இடுப்பு குறுகிய ஆப்பிரிக்க மேளம். ஸ்டாப்பர் அதைத் தொடவே இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். தாடையை லேசாகத் தூக்கி, நிதானமாகச் சொன்னார்:

“ஞம்மளெ பெரேல் ஆரும் கொட்டூல.”

எங்கள் வீட்டில் யாரும் கொட்ட மாட்டார்கள். அந்தத் தாடையைப் பார்த்து எனக்கு உடம்பு சிலிர்த்தது. காரணம் உண்டு. நான் எட்டாம் வகுப்பில் படித்தபோது பள்ளிக்கு யாரோ பெரிய அதிகாரி வந்தார். வரவேற்புக்கு மேளம் வேண்டுமென்று ஒரு வாத்தியார் வகுப்புக்குள் வந்து, பெஞ்சு பெஞ்சாகப் பார்த்து, என்னிடம் நின்றார். “நீ வா. உங்க ஆளுகளுக்குத் தெரியாததா?” என் அப்பா வெள்ளையடிக்கிற வேலைக்குப் போனார், மேளத்தைத் தொட்டதில்லை. தாத்தா சாவு வீடுகளுக்கு அடித்தவர். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தெரியும். விரலுக்குத் தெரியும். அடித்தேன், நன்றாகவே அடித்தேன், அதிகாரி கைதட்டினார். அன்றிலிருந்து பள்ளியில் எனக்குப் பெயரே இல்லாமல் போனது. பையன்கள் என்னைப் பார்த்தால் வாயாலேயே மேளம் வாசிப்பார்கள். ஒருநாள் புத்தகப் பையைப் புளியமரத்தடியில் வைத்துவிட்டு லாரியில் ஏறினேன். ஆக, பாஸ்போர்ட் போனாலும் போகட்டும், கொட்ட மாட்டேன் என்று ஒரு மனிதன் நின்றபோது, அந்த வகுப்பில் நான் சொல்லாமல் விட்டதை இவர் சொல்லிவிட்டார் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அன்று மாலை கரமனை ஆற்றுப் படியில் அவர் தொழுகைக்குக் கைகால் கழுவும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அக்கிரகாரத்திலிருந்து சந்தியாவந்தனத்துக்கு வந்த ஒரு பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அவரை அந்தண்டைத் துறைக்குப் போகச் சொல்லேன்பா, நீயும்தான்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். என்ன சொன்னார் என்று ஸ்டாப்பர் கேட்டார். சொன்னேன். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் தலையை ஆட்டினார். அதில் தப்பில்லை, பெரிய குடும்பத்துக்காரர் போலிருக்கிறது, எங்கள் ஊரிலும் துறை தனித்தனிதான் என்றார். நான் அவரை விட்டு ஒரு படி தள்ளி உட்கார்ந்தேன்.

பிறகு அவர் தன் வீட்டைப் பற்றிச் சொன்னார். அவருடைய முன்னோர் வியாபாரிகள். பாலைவனத்துக்கு நடுவே உப்பைக் கல் பலகை மாதிரி வெட்டி எடுப்பார்கள். அதை ஒட்டகத்தின் இரண்டு பக்கமும் கட்டி ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து படகிலும் கழுதையிலும் ஆள் தலையிலுமாகத் தெற்கே தங்கம் கிடைக்கிற காட்டுக்குக் கொண்டுபோவார்கள். தெற்கே போகப் போக உப்புப் பலகை துண்டாகி, துண்டும் நறுக்காகி, விலை ஏறிக்கொண்டே போகும். வழியிலுள்ள ஒவ்வொரு சந்தையிலும் அவர்கள் ஆட்கள் ஒரு தெருவில் குடியிருந்தார்கள். ஒரே திசை பார்த்துத் தொழுகிறவன் ஏமாற்ற மாட்டான் என்ற நம்பிக்கையில் சரக்கு கை மாறியது. ராஜா ஒரு ஊரில், இவர்கள் எதிரே இன்னொரு ஊரில். ராஜா தன் சாமியைக் கும்பிட்டார், இவர்கள் தங்கள் பள்ளிவாசலில் தொழுதார்கள், யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. இவர்களுக்கு எழுதத் தெரியும், ராஜாவுக்கு எழுதுகிறவன் வேண்டும். அப்படிப் பக்கத்தில் போய், பேரன் காலத்தில் ராஜாவே கைகால் கழுவிக்கொண்டு தொழ வந்துவிட்டார். வாள் எடுக்காமல் மார்க்கத்தைக் கொண்டுபோனவர்கள் நாங்கள் என்று அவர் சொன்னபோது ஆற்றின் மேல் விழுந்த வெளிச்சத்தில் அவர் முகம் உண்மையிலேயே ராஜா முகமாக இருந்தது.

வடக்கே திரும்பிப் போகும்போது தங்கம் மட்டும்தானா என்று கேட்டேன். தங்கம், வாயில் போட்டு மெல்லுகிற கோலாக் கொட்டை, துணி, மனுஷர் என்றார். மனுஷர் என்பதை மற்றவற்றைச் சொன்ன அதே குரலில் சொன்னார்.

அவர் சொன்னதில் ஒரு கதை என் தலையில் தங்கிவிட்டது. தங்கம் வைத்திருந்தவர்கள் யார் கண்ணிலும் பட மாட்டார்களாம். வியாபாரிகள் ஆற்றோரம் உப்பைக் குவியல் குவியலாக வைத்துவிட்டு, மேளம் அடித்து அறிவித்துவிட்டு, தூரப் போய்விடுவார்கள். காட்டுக்காரர்கள் வந்து ஒவ்வொரு குவியலுக்குப் பக்கத்திலும் தங்கத்தூளை வைத்துவிட்டு மறைவார்கள். வியாபாரிகள் திரும்பி வந்து, திருப்தி என்றால் தங்கத்தை எடுத்துக்கொண்டு மறுபடி மேளம் அடித்துப் புறப்படுவார்கள். ஒரு வார்த்தை பேச்சில்லை.

“மேளம் அடிச்சது யாரு?” என்றேன்.

அவருக்குக் கேள்வி புரியவில்லை. திரும்பக் கேட்டேன். “ஓ, அதா? கூடெ ஒரு கொட்டுகாரன் உண்டாவும்” என்று கையை வீசினார். கூடவே ஒரு கொட்டுகாரன் இருந்திருப்பான். அதற்குத் தனியாக ஒரு கூட்டம் உண்டு, ஜெலி என்று பெயர், கொட்டுவதும் பெரிய வீடுகளின் பரம்பரையைப் பாடுவதும் அவர்கள் பிறப்பு, நான் கொட்டினால் என் அப்பா என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார் என்றார்.

“பள்ளிவாசல்ல அவங்க எங்க நிப்பாங்க?”

“ஒரே வரி. தோளோடு தோள். அல்லாவுக்கு முன்னே எல்லாம் ஒண்ணு.”

“பொண்ணு குடுப்பீங்களா?”

சிரித்தார். நல்ல ஜோக் சொன்ன ஆளைத் தட்டுவதுபோல என் முதுகில் தட்டினார். அப்புறம் அவராகவே சொன்னார்: மேற்கே கடல் பக்கத்து ஊர்களில் அந்தக் காலத்தில் ஜெலி செத்தால் மண்ணில் புதைக்க விட மாட்டார்களாம், நிலம் விளையாது என்று, பொந்து விழுந்த பெரிய மரத்துக்குள் வைத்துவிடுவார்களாம். எங்கள் ஊரில் எங்களுக்கு மரம் இல்லை, சுடுகாட்டுக்குத் தனிப் பாதை இருந்தது என்று நான் சொல்லவில்லை. உப்பு ஏறிப்போன வழியிலெல்லாம் இதுவும் ஏறிப்போயிருக்கிறது, புத்தகம் போன இடமெல்லாம் இதுவும் போயிருக்கிறது என்று நினைத்தேன். உலகத்தின் அந்தக் கோடிக்குப் போனாலும் எவனோ ஒருவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறான், இன்னொருவன் அடிக்கிறான். எழுந்து வந்துவிட்டேன்.

திறப்பு விழாவுக்கு முன்தினம் மேனேஜர் வந்தார். கொட்டினால் பாஸ்போர்ட், இல்லையென்றால் நீயும் உன் முழங்காலும் எங்கேயோ போங்கள் என்று தோல் பையைத் தட்டிக் காட்டினார். ஸ்டாப்பர் கொட்டகைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சோறு அப்படியே இருந்தது. அவர் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். வீட்டுக்குப் போகிற வழி அடைபட்ட ஆளின் அழுகை எனக்குத் தெரியும். லைன் வீடுகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் திரும்பி என் கையையே பார்த்தார். சாயா டம்ளரின் மேல் என் விரல்கள் ஏதோ தட்டிக்கொண்டிருந்தன. எப்போதும் தட்டும், எனக்கே தெரியாது.

“இஜ்ஜு கொட்டு” என்றார். நீ கொட்டு. கெஞ்சல் இல்லை. செருப்பை எடுத்துக்கொடு என்கிற மாதிரிதான் இருந்தது. உன் விரலைப் பார்த்தாலே தெரிகிறது, நீ கொட்டுகிற வீட்டு ஆள் என்றார். அவர் முகத்தில் கேலி கொஞ்சமும் இல்லை. தொலைத்ததைக் கண்டுபிடித்த சந்தோஷம்தான் இருந்தது.

காண்ட்ராக்டரிடம் போய்ச் சொன்னபோது அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அது நல்ல ஐடியாவாக்கும். ராஜாவுக்குக் கொட்டுகாரன். உனக்குக் கரி பூசுற செலவும் இல்லயேடே!” சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். என்னோடு மூங்கில் கட்டிய வள்ளியூர்ப் பையன்களும் சிரித்தார்கள். அப்படியும் கரி பூசினார்கள். பச்சை நார்ப் பாவாடையை அண்டாவுக்குள்ளிருந்து எடுத்து எனக்குக் கட்டினார்கள்.

ஏன் ஒத்துக்கொண்டேன்? ஒரு ஆள் வீடு போய்ச் சேரட்டும் என்று நினைத்தேன். அந்த ஆளைப் பிடித்திருக்க வேண்டிய அவசியமில்லை.

பொருட்காட்சி நடந்த அத்தனை நாளும் நான் அடித்தேன். ஸ்டாப்பர் அங்கியோடு ஒரு பிளைவுட் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பார். அவர் ஊர் வழக்கப்படி பெரியவன் உரக்கப் பேசக்கூடாது. அவன் காதோடு சொல்வதைக் கொட்டுகாரன்தான் உரக்கச் சொல்ல வேண்டும். இந்தக் கூத்திலும் அவர் அதை விடவில்லை. தன் முப்பாட்டன்மார் பெயர்களை வரிசையாக எனக்குக் கற்றுக்கொடுத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் கூவச் சொன்னார். கூவினேன். ஒருநாள் நடுவில் என் தாத்தா பெயரையும் சேர்த்துக் கூவினேன். “அது ஆரு?” என்று காதோடு கேட்டார். “அவரும் உப்பு வியாபாரிதான்” என்றேன். யோசித்துவிட்டுச் சரி என்று தலையாட்டினார். அதற்குப் பிறகு தினமும் அந்தப் பெயரும் சேர்ந்தே ஒலித்தது.

ஜனங்களைப் பற்றி அதிகம் சொல்லப் பிடிக்கவில்லை. அண்டாவைப் பார்த்ததும் அவர்களுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கடலை எறிந்தார்கள். “ஏல, கிட்டப் போவாத, கடிச்சிருவான்” என்று ஒரு அப்பன் பிள்ளையைத் தள்ளிவிட்டு விளையாடினான். பிள்ளைகளைக் கூட்டிவந்த ஒரு டீச்சர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, இவர்களுக்கு எழுத்தும் படிப்பும் வந்தது வெள்ளைக்காரன் அங்கே போன பிறகுதான் என்று பாடம் நடத்தினார். ஸ்டாப்பருக்கு அது புரிந்தது. காகிதமும் மையும் அவர் வீட்டில் எத்தனை தலைமுறையாகப் புழங்கியது என்று அந்த ஆற்றங்கரையில் எனக்குச் சொன்னவர், உதட்டைக் கடித்துக்கொண்டு ராஜாவாக உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் அவருக்காக எனக்கு வலித்தது, பொய் சொல்லவில்லை. ஒரு ஆள் காண்ட்ராக்டரிடம், “ரெண்டில ஒரிஜினல் யாரு?” என்று கேட்டான். அவர் வாயைத் திறப்பதற்குள் அவன் மனைவி என்னைக் காட்டி, “கொட்டறவனாக்கும் ஒரிஜினல், பார்த்தா அறியாதா?” என்றாள். இரண்டு பேரும் என்னோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஸ்டாப்பரை நகரச் சொன்னார்கள், படத்தில் நீலம் விழுகிறதாம்.

கடைசி நாள் மேனேஜர் பாஸ்போர்ட்டை எச்சில் இலையைப் போடுவதுபோல மேசையில் போட்டுவிட்டுப் போனார். ஸ்டாப்பர் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தம்பானூரில் வழியனுப்ப நான் போனேன். பஸ் புறப்படுவதற்கு முன் அவர் அத்தனை கூட்டத்துக்கு நடுவில் அங்கியைக் கழற்றி என் தோளில் போர்த்தினார். வெறும் பனியனோடு நின்றார். கண் நிறைந்திருந்தது. பெரிய வீட்டுக்காரன் தன் ஜெலிக்கு உடுத்தியதைக் கழற்றிக் கொடுக்க வேண்டும், இனி நீ எங்கள் வீட்டு ஆள், என் மகன் உன் மகனுக்குக் கொடுப்பான், உன் மகன் என் மகனுக்குக் கொட்டுவான் என்றார். அவரிடம் இருந்ததிலேயே உயர்ந்த மரியாதை அதுதான். அதைத்தான் எனக்குக் கொடுத்தார். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. பிறக்காத பிள்ளைக்கு ஒரு வாத்தியார் பஸ் ஸ்டாண்டில் வந்து, நீ வா, உங்க ஆளுகளுக்குத் தெரியாததா என்று கேட்டதுபோல இருந்தது. பஸ் போனதும் குப்பைத்தொட்டிப் பக்கம் போய் வாந்தி எடுத்தேன். அங்கியில் படாமல் பார்த்துக்கொண்டேன்.

போன வாரம் இங்கே மழை. பொன்முடிக்குப் போகிற வளைவுப் பாதையில் புதிதாக வந்திருக்கும் ரிசார்ட்டின் பையன் கடைக்கு வந்தான். வாரக் கடைசியில் தீ மூட்டி விருந்தினருக்குக் காட்டு ஆட்டம் வைக்கிறார்களாம், கொட்ட ஆள் வேண்டுமாம். கடைக்காரர் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அல்லது என் விரல் மறுபடி மேசையில் தட்டியிருக்க வேண்டும். “அண்ணாச்சி தமிழ்நாடல்லே? நிங்ஙளுடெ ஆளுகள் நல்லோணம் கொட்டும்னு சொன்னாங்க” என்றான் சிரித்தபடி. நான் அங்கியைப் போர்த்திக்கொண்டு அடுப்போரம் நின்றிருந்தேன். என் கைகள் தாமாகவே பின்னால் போய்க் கட்டிக்கொண்டன. தாடை தூக்கிக்கொண்டது.

“ஞம்மளெ பெரேல் ஆரும் கொட்டூல.”

வார்த்தை, இழுப்பு, நிதானம், எல்லாம் அவருடையது. பையனின் சிரிப்பு நின்றது. என் மேலிருந்த அங்கியையும் கழுத்துப் பின்னலையும் பார்த்தான். “அய்யோ, மலப்புறத்தாணோ? சாரி இக்கா, ஆளு மாறிப்போச்சு” என்றான். இக்கா என்றால் இங்கே முஸ்லிம் வீட்டு அண்ணன்மாரைக் கூப்பிடும் சொல். இத்தனை வருஷத்தில் எந்த ஊரிலும் என்னிடம் யாரும் சாரி சொன்னதில்லை. என் தாத்தாவின் பெயரை உப்பு வியாபாரிகளுக்கு நடுவே நுழைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது வரவில்லை. மறுக்கவும் இல்லை. பொரோட்டாவைத் திருப்பிப் போட்டேன். அவனாக ஒரு ஸ்டூலை என் பக்கம் நகர்த்தி, உட்காருங்கள் இக்கா என்றான்.

உட்கார்ந்தேன். அவன் போன பிறகு கயிற்றில் போடலாம் என்று அங்கியைக் கழற்றினேன். கழுத்து நீலமாகியிருந்தது. ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. மறுபடி எடுத்துப் போர்த்திக்கொண்டேன்.